கருப்பு அடித்த வரி

"இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க அத்தை."

"இதுக்கு மேல தூக்கினா கூரையிலதான் ஒட்டணும் மாப்பிள்ளை."

மாமியார் சாப்பாட்டு மேஜையின் மேல் ஏறி நின்று கடிதத்தை விளக்குக்கு நேராகப் பிடித்திருந்தார். மாப்பிள்ளை கீழே நின்று கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தான். வெளிச்சம் காகிதத்தைத் துளைத்துக்கொண்டு வந்து எல்லா வரிகளையும் காட்டியது, ஒரே ஒரு வரியைத் தவிர. அந்த வரியின் மேல் யாரோ கருப்பு மையை ஆசை தீரப் பூசியிருந்தார்கள்.

"ஒன்னும் தெரியலை," என்றான் மாப்பிள்ளை.

"எனக்குத் தெரியுது. ஏதோ கருகுது," என்றார் மாமனார், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

மாமியார் கடிதத்தை வெடுக்கென்று இழுத்தார். ஓரத்தில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. நல்லவேளை, அந்த இடத்தில் எழுத்து எதுவும் இல்லை.

கடிதம் அந்த வீட்டு மூத்த பெண்ணிடமிருந்து வந்திருந்தது. அவள் சிப்பாய். எல்லையில் ஏதோ ஒரு முகாமில் இருக்கிறாள். எங்கே என்று எழுத அவளுக்கு அனுமதி கிடையாது. அவள் புருஷனுக்கு எழுதியிருந்தது இவ்வளவுதான்:

'அன்புள்ள மக்கு, பொட்டலம் வந்துச்சு. கதையும் வந்துச்சு. படிச்சேன். பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடறா, ரயில் மாதிரி, பெட்டி பெட்டியா வருது. எனக்கு இருமல் போயிடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லு. அப்புறம், ரொம்ப நாள் யோசிச்சு இதை எழுதறேன். உன்கிட்ட ஒன்னே ஒன்னுதான் கேக்கப் போறேன்.'

அதற்கு அடுத்தது கருப்பு. கருப்புக்குப் பின்னால், 'இது மட்டும் போதும். தப்பா எடுத்துக்காதே.'

மாப்பிள்ளை அதைப் பதினேழு முறை படித்துவிட்டான். 

அவன் செருப்புக்கடையில் மூத்த விற்பனையாளன். வாசல்படி ஏறி வருகிறவரின் நடையைப் பார்த்தே கால் அளவைச் சொல்லிவிடுவான். கட்டிக்கொண்ட பெண்ணிடம் மட்டும் அந்த வித்தை செல்லவில்லை. கல்யாணமான புதிதில் வாங்கிக் கொடுத்த செருப்பே அரை அளவு சின்னது. அவள் அன்று முழுக்க அதைப் போட்டு நடந்து, நொண்டிக்கொண்டே சிரித்தாள். பதினாலு மாதக் கல்யாண வாழ்க்கையில் ஒன்பது மாதம் அவள் முகாமில். முதல் பொட்டலத்தில் பூப்போட்ட குடை அனுப்பினான். துப்பாக்கி பிடிக்கிற கையில் குடை எப்படிப் பிடிப்பது என்று அவள் கேட்டு எழுதிய பிறகுதான் உறைத்தது. இரண்டாவது மாதம் கண்ணாடி அனுப்பினான். வெளிச்சம் பட்டு மின்னும் என்று ராணுவ அலுவலகத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது மாதம் அலாரம் கடிகாரம். அந்த முகாமில் அதிகாலையில் எழுப்பிவிட ஆள் இல்லாத குறை ஒன்றுதான் இல்லாமல் இருந்தது.

ஒன்பது மாதத்தில் இப்போதுதான் அவளாக வாய்திறந்து ஒன்று கேட்டிருக்கிறாள். அதன் மேல் மை.

"வெள்ளிக்கிழமை மதியம் கடைசி வண்டி," என்றான். "அதுக்கப்புறம் அவங்க இடம் மாறுறாங்க. மூணு மாசத்துக்குப் பொட்டலம் வாங்க மாட்டாங்களாம்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

மாமனார் செய்தித்தாளை மடித்தார். அவர் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருடம் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் மறைந்து கிடப்பது எதுவானாலும் அதற்கு எக்ஸ்ரேதான் வழி என்று நினைப்பவர். 

"கொடுங்க அதை," என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை கடிதத்தை எடுத்துக்கொண்டு பழைய ஆஸ்பத்திரிக்குப் போனார். மத்தியானம் பெரிய படம் ஒன்றோடு திரும்பினார். படம் முழுக்கக் கருப்பு. ஒரு மூலையில் மட்டும் வெள்ளையாக ஒரு சின்னக் கோடு.

"என்ன மாமா அது?"

"கடிதத்துல குத்தியிருந்த குண்டூசி. ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு. வளைவு, முறிவு எதுவும் இல்லை."

"வரி?"

"மை எலும்பு இல்லையே மாப்பிள்ளை."

அடுத்தது மாமியாரின் முறை. ஆவி பட்டால் ஒட்டினது விடும், கறை இளகும் என்று அவர் சொன்னார். கெண்டியில் தண்ணீர் கொதித்தது. கடிதத்தை இடுக்கியால் பிடித்து ஆவியில் காட்டினார்கள். மை இளகத்தான் செய்தது. இளகி, அக்கம்பக்கம் பார்த்து, மெதுவாகக் கீழே இறங்கி, 'இது மட்டும் போதும்' என்பதையும் சேர்த்து விழுங்கியது.

"ஒரு வரி தெரியாம இருந்தது. இப்ப ரெண்டு," என்றார் மாமனார்.

"நீங்க குண்டூசியைப் படம் பிடிச்சவரு. பேசாம இருங்க," என்றார் மாமியார்.

அப்போதுதான் மச்சினி வேலையிலிருந்து வந்தாள். சிப்பாயின் தங்கை. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறவள். எதையும் மேலிருந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு. மூன்று பேரையும், கெண்டியையும், ஈரக் கடிதத்தையும் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தாள்.

"அக்கா என்ன எழுதியிருந்தாள்னு ஏன் தேடறீங்க அத்தான்? ஏன் அடிச்சாங்கன்னு யோசிங்க."

"ஏன் அடிச்சாங்க?"

"எதிரிக்குத் தெரியக் கூடாதுன்னு. கொசுவலை வேணும்னு எழுதினா என்ன அர்த்தம்? அவ இருக்கற இடத்துல கொசு இருக்கு. கொசு இருந்தா சதுப்பு நிலம். சதுப்பு நிலம்னா எந்த எல்லைன்னு கண்டுபிடிச்சிடலாம். அதான் அடிச்சுட்டாங்க."

மாப்பிள்ளை பிரமித்துப் போனான். "அப்ப கொசுவலையா?"

"இல்லைன்னா கம்பளிச் சாக்ஸ். அது பனி. இல்லைன்னா கண் சொட்டு மருந்து. அது மணல். முழங்கால் பட்டைன்னா மலை."

"இதுல எது?"

"எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா நான் எதிரி."

அதனால் நான்கையுமே வாங்குவது என்று முடிவாயிற்று. செவ்வாய் மாலை ஊர்க் கடைகளில் அலைந்தார்கள். பனிக்குக் கம்பளிச் சாக்ஸ், காதுமூடி, உதட்டுக் களிம்பு. சதுப்புக்குக் கொசுவலை, கால் விரல் பவுடர். மணலுக்குத் துணி முகமூடி, சொட்டு மருந்து. மலைக்கு முழங்கால் பட்டை, இரண்டு கால்களுக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று பல் துலக்கும் பிரஷ்களும் பிஸ்கட்டும். மாமியார் கையோடு ஒரு சின்னத் தலையணையும் வாங்கினார்.

"தலையணை எந்த நிலம் அம்மா?" என்றாள் மச்சினி.

"எந்த நிலமா இருந்தா என்ன? தலை எல்லா இடத்துலயும் இருக்குல்ல?"

புதன்கிழமை மாப்பிள்ளை கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு ராணுவப் பொட்டல அலுவலகத்துக்குப் போனான். முன்பு கிடங்காக இருந்த கட்டடம். அதில் ஒரே ஒரு ஜன்னல். அதற்குப் பின்னால் ஒரே ஒரு குமாஸ்தா. முகாமுக்குப் போகிற பொட்டலமானாலும் முகாமிலிருந்து வருகிற கடிதமானாலும் அவர் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் அவருக்குச் சல்லடை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு தடவை நாலு கிராம் அதிகம் என்று ஒருவரை ஜாம் பாட்டிலின் லேபிளை உரிக்க வைத்தவர்.

மாப்பிள்ளை மீது அவருக்கு ஆரம்பம் முதலே ஒரு சந்தேகம். காரணம் அந்த நோட்டு.

குடையும் கண்ணாடியும் கடிகாரமும் தோற்ற பிறகு, வாங்கித் தருவதில் தனக்குக் கை வராது என்று மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. நான்காவது மாதத்திலிருந்து தானே ஒரு கதை எழுதி அனுப்பினான். மாதம் ஓர் அத்தியாயம், அறுபத்து நாலு பக்க நோட்டு முழுக்க. ஒற்றைக் கை மாலுமி ஒருவன் கலங்கரை விளக்கத்துக்கு அடியில் ஒரு சுரங்கத்தைக் கண்டுபிடிக்கிறான். சுரங்கத்துக்குள் கடல் சத்தம் மேலிருந்து கேட்கிறது. போகப் போகச் சுரங்கம் நீளுகிறது. ஐந்தாவது அத்தியாயத்தின் முடிவில் ஓர் இரும்புக் கதவு. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ மூன்று முறை தட்டுகிறார்கள். செருப்புக்கடையில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அதை எழுதும்போது மாப்பிள்ளைக்கு உள்ளங்கால் சில்லென்று இருக்கும்.

ஒவ்வொரு மாதமும் சல்லடை அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். ரகசியத் தகவல் ஏதும் இருக்கிறதா என்று. வரிசை காத்துக்கிடக்கும். 

"இந்தச் சுரங்கம் எங்க போய் முடியுது?" என்று போன மாதம் கேட்டார்.

"இன்னும் முடிவு பண்ணலை சார்."

"முடிவு பண்ணாம எப்படி எழுதறீங்க?"

"எழுதினாதான் சார் தெரியும்."

சல்லடை பேனா மூடியைத் திறந்தார். பிறகு ஒரு பதிவேட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். மாப்பிள்ளைக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இப்போது அவன் ஜன்னலில் கடிதத்தை நீட்டினான். "சார், இந்த வரி என்னன்னு மட்டும் சொன்னீங்கன்னா…"

சல்லடை கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பழுப்பு வட்டம், ஆவியில் சுருங்கிய காகிதம், வழிந்த மை. "இதுக்கு என்ன ஆச்சு?"

"எக்ஸ்ரே எடுத்தோம் சார்."

"எக்ஸ்ரே?"

"குண்டூசி நல்லா இருக்கு சார்."

சல்லடை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அடிச்ச வரியைச் சொல்லக் கூடாது. சட்டம்."

"அது பொருளா, என்னன்னு மட்டும். பெரிசா சின்னதா?"

"சொல்லக் கூடாது."

"அவ முதல் தடவையா ஒன்னு கேட்டிருக்கா சார். அது இல்லாம மூணு மாசம் எப்படி இருப்பா?"

சல்லடை பார்வையைத் திருப்பிக்கொண்டார். "அதெல்லாம் இருப்பாங்க," என்றார். பிறகு, "அஞ்சு கிலோ. ஒரு கிராம் கூடக் கூடாது. திரவம் கூடாது. காகிதம் ஏதாவது வைக்கறதா இருந்தா சீக்கிரமே கொண்டாங்க, சோதிக்க நேரம் வேணும்."

கண் சொட்டு மருந்து அங்கேயே போயிற்று. அதற்குப் பதிலாக மச்சினி நீச்சல்காரர்கள் போடுகிற மூக்குக்கண்ணாடியை வாங்கி வந்தாள். அது மூன்று மடங்கு கனம்.

வியாழக்கிழமை மாலை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்தார்கள். மூடி மூடவில்லை. மாமனார் மேலே உட்கார்ந்தார். மூடியது, பக்கவாட்டில் கிழிந்தது. பெரிய பெட்டி வந்தது. பெரிய பெட்டியில் இடம் இருப்பதைப் பார்த்ததும் மாமியார் இன்னொரு சாக்ஸ் ஜோடியைச் செருகினார். இடம் சும்மா கிடக்கக் கூடாதாம்.

"எடை பாக்கணும்," என்றான் மாப்பிள்ளை.

மாமியார் குளியலறையிலிருந்து எடை மேடையை எடுத்து வந்தார். முள் ஏழில் நின்றது.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை அறுவைச் சிகிச்சை என்றுதான் சொல்ல வேண்டும். பல் துலக்கும் பிரஷ்களின் கைப்பிடிகளை மாமனார் ரம்பத்தால் அறுத்தார். பவுடர் டப்பாவிலிருந்து பவுடரை உறைக்கு மாற்றினார்கள். மாற்றும்போது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நால்வரும் வெளுத்துப் போய் நின்றார்கள். மச்சினி கொசுவலையின் பாதியை வெட்டினாள்.

"பாதி வலையில எப்படிப் படுப்பா?"

"ஒருக்களிச்சு."

தலையணையிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார்கள். கடைசியில் முள் சரியாக ஐந்தில் வந்து நின்றது. மாப்பிள்ளை கதை நோட்டை மேலே வைத்தான். முள் அசையவே இல்லை. அவனுக்கு ஒரே சந்தோஷம். ஆறாவது அத்தியாயம். கதவு திறக்கிற அத்தியாயம்.

வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டுக்கு வண்டி. பதினொன்றரைக்கு வரிசையில் அவன் முறை வந்தது. துணைக்கு மாமியாரும் வந்திருந்தார். பின்னால் இருபது பேர்.

சல்லடை பெட்டியைத் தராசில் ஏற்றினார்.

"எட்டு கிலோ."

"இருக்காது சார். வீட்டுல அஞ்சுதான் காட்டுச்சு."

"தராசு பொய் சொல்லாது."

மாப்பிள்ளை திரும்பி மாமியாரைப் பார்த்தான். மாமியார் கிடங்கின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை?"

"டாக்டர் என்னை எடை குறைக்கச் சொன்னாரு மாப்பிள்ளை. எவ்வளவு நடந்தும் குறையலை. அதான் முள்ளை மூணு பின்னால திருப்பி வெச்சேன்."

"எப்ப?"

"வருஷம் ஆச்சு. மனசுக்கு நல்லா இருந்துச்சு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ மணி என்ன என்று கேட்டார்கள். மாப்பிள்ளை பெட்டியைப் பிரித்தான்.

முழங்கால் பட்டைகள் போயின. "மலை போச்சு," என்றார் மாமியார் மெதுவாக. நீச்சல் கண்ணாடியும் முகமூடியும் போயின. "மணலும்." எடுத்த ஒவ்வொன்றையும் மாப்பிள்ளை ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் கீழே வைத்தான். இதுதான் அந்த ஒன்றாக இருந்துவிட்டால்? தலையணை போயிற்று. காதுமூடி போயிற்று. பெரிய பெட்டி போய்ச் சின்னப் பெட்டி வந்தது.

"அஞ்சு கிலோ நூத்தி இருபது," என்றார் சல்லடை.

"யோவ் சீக்கிரம்யா," என்று பின்னாலிருந்து ஒரு குரல். "என் புருஷனும் அங்கதான் இருக்காரு."

உள்ளே இருந்தவை பாதிக் கொசுவலை, கம்பளிச் சாக்ஸ்கள், பவுடர் உறை, களிம்பு, கைப்பிடி இல்லாத பிரஷ்கள், கொஞ்சம் பிஸ்கட். எல்லாவற்றுக்கும் மேலே நோட்டு.

"ஒரு ஜோடி சாக்ஸை எடுத்துடலாமா?" என்றார் மாமியார்.

மாப்பிள்ளை யோசித்தான். சாக்ஸை அவள் கேட்டிருக்கலாம். கொசுவலையைக் கேட்டிருக்கலாம். பெட்டியில் இருக்கிற எதையுமே அவள் கேட்டிருக்க வாய்ப்பு உண்டு. அவள் கேட்டிருக்கவே முடியாத பொருள் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றைத்தான். அது கேட்காமலே மாதாமாதம் போகிறது. அதுதான் அவனுடையது. ஒற்றைக் கை மாலுமி கதவுக்கு முன்னால் விளக்கைத் தூக்கிப் பிடித்து நிற்பது அவன் கண்ணில் ஒருமுறை வந்து போயிற்று.

அவன் நோட்டை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

"இப்ப பாருங்க சார்."

முள் ஐந்துக்குக் கீழே இறங்கி நின்றது. "என் பொண்ணுக்குக் கொடுத்துவெச்ச மாப்பிள்ளை," என்று மாமியார் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சல்லடை முத்திரைக் கட்டையைத் தூக்கினார். தூக்கியது தூக்கியபடியே நின்றது.

"அதை எதுக்கு எடுத்தீங்க?"

"எடை சார்."

"அதை வைங்க."

"நூத்தி இருபது கிராம் அதிகமாகும் சார்."

"ஆகட்டும்."

நாலு கிராமுக்கு லேபிளை உரித்தவர் ஜாம் பாட்டில் சகிதம் அங்கேதான் நின்றிருந்தார். அவர் வாய் திறந்தபடி இருந்தது.

"வேணாம் சார்," என்றான் மாப்பிள்ளை. "சட்டம்னா எல்லாருக்கும் சட்டம். அவ கேட்டது போய்ச் சேரணும். இதை நான் அப்புறமா அனுப்பிக்கறேன். மூணு மாசம்தானே."

"மூணு மாசமா?" என்றார் சல்லடை. 

முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார். இடமும் வலமும் பார்த்தார். ஜன்னல் வழியாகத் தலையையும் ஒரு தோளையும் வெளியே நீட்டி, மாப்பிள்ளையின் காதருகே குனிந்து, இருபது பேருக்கும் கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்:

"உங்க வீட்டம்மா கேட்டது சாக்ஸும் இல்லை, கொசுவலையும் இல்லை, 'இனிமே தயவு செஞ்சு கதை மட்டும் அனுப்பாதே'ன்னுதான் எழுதியிருந்தாங்க. நான்தான் சார் மையைப் பூசினேன், அந்தக் கதவைத் தட்டினது யாருன்னு எனக்குத் தெரிய வேணாமா?"